விண்டோஸ் 11-க்கு மாறும்போது டி டிரைவை நம்ப வேண்டாம்

போன வருடம் மாமா வீட்டுக் கணினிக்கு விண்டோஸ் 11 போட உட்கார்ந்தேன். பென் டிரைவைச் சொருகி, மொழியைத் தேர்ந்தெடுத்து, எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கிற திரை வரை வந்தாயிற்று. அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்ணும் அளவும்தான் இருக்கும் (பார்ட்டிஷன் என்றால் டிஸ்கைப் பிரித்த ஒரு பகுதி). அளவை வைத்து இதுதான் சி என்று ஊகித்து அதைத் தொட்டேன். மேலே போக விடவில்லை. இந்த டிஸ்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது, ஜிபிடி டிஸ்கில் மட்டுமே விண்டோஸை நிறுவ முடியும் என்று ஒரு செய்தி. (இவை என்ன என்று பிறகு சொல்கிறேன்.) போனில் தேடினால் பலரும் ஒரே வழியைத்தான் சொல்லியிருந்தார்கள்: எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்துவிட்டுக் காலி டிஸ்கில் போடு.

பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்: "டி-ல இருக்கிறது ஒண்ணும் ஆகாதுல்ல மாப்ள?"

"இருங்க மாமா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

நம் ஊரில் பல வருடங்களாக நடக்கிற பழக்கம் இது. கணினி வாங்கும்போதே கடைக்காரர் ஹார்ட் டிஸ்கை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பார். சி-யில் விண்டோஸ், டி-யில் போட்டோ, இ-யில் பாட்டும் படமும். கணினி மெதுவானால் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்பார். சி மட்டும் அழியும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். எக்ஸ்பியிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து பத்துக்கும் மாறியபோது இது பலருக்குப் பலித்தது. அதனாலேயே டி டிரைவ் ஏதோ தனி லாக்கர் மாதிரி நம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்கில் கிழித்த கோடுகள்தான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். பதினொன்றுக்கு மாறும்போது டிஸ்க் நன்றாக இருந்தாலும் கோடுகளையே அழிக்க வேண்டிய நிலை வரலாம்.

அப்கிரேட் வேறு, ஃபார்மட் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம். அப்கிரேட் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸ் 10-க்கு உள்ளிருந்தே பதினொன்றை நிறுவுவது. உங்கள் கோப்புகள், போட்டுவைத்த மென்பொருள்கள், பெரும்பாலான அமைப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மட் என்றால் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. மென்பொருள், பிரின்டர் டிரைவர், எழுத்துரு எல்லாவற்றையும் மறுபடி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.

வைரஸ் பிடித்த கணினிக்கும், டிஸ்கையே மாற்றுகிற கணினிக்கும் ஃபார்மட் சரி. ஒழுங்காக ஓடுகிற வீட்டுக் கணினிக்கு அப்கிரேட் போதும். கடையில் கொடுத்தால் பெரும்பாலும் ஃபார்மட்தான் நடக்கும், அவர்களுக்கு அது சீக்கிரம் முடிகிற வேலை. அதனால் கொடுக்கும்போதே எது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாறித்தான் ஆக வேண்டுமா?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற மாதாந்தரத் திருத்தங்கள் தாமாக வருவது நின்றுவிடும்.

அந்தத் திருத்தங்களால் என்ன பயன் என்பதற்கு வன்னாக்ரை ஒரு நல்ல உதாரணம். 2017 மே மாதம் அது உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் விதிவிலக்காக அந்தத் திருத்தத்தைக் கொடுத்தார்கள்.

வங்கிக் கணக்கைத் திறக்கிற கணினி, வருமான வரி தாக்கல் செய்கிற கணினி என்றால் மாறிவிடுங்கள். இணையமே இல்லாமல் மூலையில் பாட்டு மட்டும் பாடுகிற கணினிக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் கணினி தாங்குமா?

மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய இலவச மென்பொருளை ஓட்டினால் ஆம், இல்லை என்று அதுவே சொல்லிவிடும். இல்லை என்று வந்தால் என்ன காரணம் என்று பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பவை சம்பிரதாயக் குறைந்தபட்சம். 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

பலர் தட்டி விழுவது பிராசஸரில். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் போனால் பிராசஸர் பெயர் இருக்கும். ஐ5-8250யு என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த 8-தான் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழு, கிடைக்காது. ஐ5-10210யு போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், அது பத்தாம் தலைமுறை. ஏஎம்டி ரைசனில் 3000 வரிசைக்கு மேல் பொதுவாகக் கவலை இல்லை, 2000 வரிசையில் சில தேறும், சில தேறாது.

டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஒரு பகுதி. 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினிகளில் அது கிட்டத்தட்ட எப்போதும் உள்ளேயே இருக்கும், பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடுகிற அடிப்படை அமைப்பில், அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதை இயக்கினால் போதும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புகளில் இது சர்வ சாதாரணம்.

பயாஸில் கை வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சில லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். அந்தக் கணினியிலேயே ஒரு நோட்பேடில் சேமித்து வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

எம்பிஆர், ஜிபிடி: மாமா வீட்டில் மாட்டிய இடம்

டிஸ்கில் எத்தனை பார்ட்டிஷன், எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பை எழுதுகிற பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி. பழைய பயாஸ் முறையில் தொடங்குகிற கணினிகள் எம்பிஆரோடு பழகியவை. விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை. அந்த முறையில் விண்டோஸைப் போட வேண்டுமானால் டிஸ்க் ஜிபிடியாக இருக்க வேண்டும்.

உங்களுடையது எது என்று பார்க்க, ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். கீழே டிஸ்க் 0 என்ற பெட்டியை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் வால்யூம்ஸ். பார்ட்டிஷன் ஸ்டைல் என்ற வரியில் ஜிபிடி என்று இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அண்மைக்காலத்தில் கம்பெனி விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

எம்பிஆர் என்று இருந்தால், தரவு அழியாமல் மாற்றித்தரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. மாற்றிய கையோடு பயாஸில் தொடக்க முறையையும் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் தொடங்காது. ஆனால் இந்தக் கருவிக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது. எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன், அதாவது உள்ளே வேறு பார்ட்டிஷன்களை அடக்கிய பார்ட்டிஷன், ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யையும் இ-யையும் சுற்றி ஒரு பச்சைச் சட்டம் தெரிந்தால், அதுதான் எக்ஸ்டென்டட். மாமாவின் கணினியில் அந்தப் பச்சைச் சட்டம் பளிச்சென்று இருந்தது. வசதிக்காகப் பிரித்துக் கொடுத்த டி-யும் இ-யும்தான் அந்தக் கருவிக்குக் குறுக்கே நின்றன.

அப்படி இருந்தால் நேர்வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் வெளியே படி எடுத்துவிட்டு, டிஸ்கை முழுதாகத் துடைத்துப் புதிதாகப் போடுவது. சி-யை மட்டும் அழித்தால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

படி எடுப்பது

பேக்கப் என்றதும் பலர் டி டிரைவைத் திறந்து ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். உண்மையில் நம் பொருள்களில் பாதி சி-யில் கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் தெரிகிற ஒவ்வொரு கோப்பும் சி-யில்தான். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் அங்கேதான். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறக்கிய ஆதார் நகல், பத்திர நகல், பிள்ளையின் ஹால் டிக்கெட் எல்லாம் டவுன்லோட்ஸில், அதுவும் சி-யில்தான். இந்த டவுன்லோட்ஸைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

அதனால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கிற ஃபோல்டர் முழுவதையும், அப்புறம் டி-யையும் இ-யையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படி எடுங்கள். கல்யாணப் போட்டோ, குழந்தைகளின் போட்டோ போன்றவை இரண்டு இடத்தில் இருக்கட்டும். பழைய பென் டிரைவை இதற்கு நம்ப வேண்டாம். படி எடுத்து முடித்ததும் மூல ஃபோல்டரையும் படியையும் தனித்தனியே வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மாமா வீட்டில் மூலத்தில் 14,212, படியில் 14,197. அந்தப் பதினைந்தும் டிஸ்கின் கெட்டுப்போன பகுதியில் இருந்த போட்டோக்கள். நடுவில் வந்த எச்சரிக்கையில் யாரோ ஸ்கிப் அழுத்தியிருக்கிறார்கள். யார் என்று கேட்காதீர்கள். கடைசியாக, வெளி டிஸ்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பின் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது, உங்கள் டிஸ்கில் இல்லை. பச்சை டிக் இருந்தால் டிஸ்கிலும் இருக்கிறது.

பிரவுசரில் உங்கள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்கினால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் பத்திரம். கடைக் கணக்கு எழுதுகிற மென்பொருள் இருந்தால் அதிலேயே பேக்கப் என்று ஒரு வசதி இருக்கும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் சான்றிதழ் டோக்கனுக்குள் இருக்கிறது, அதற்கான டிரைவரை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்கிற வீடுகளில் இன்னொரு பொருளையும் படி எடுக்க வேண்டும்: எழுத்துருக்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. பாமினியில் தமிழ் என்று அடித்த சொல், எழுத்துரு போய்விட்டால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அப்கிரேட்டில் எழுத்துருக்கள் தங்கிவிடும், ஃபார்மட்டில் போய்விடும். அத்தை இருபது வருடமாகத் தட்டச்சு செய்த கோலப் போட்டிக் கடிதங்களும் சங்கக் கணக்கும் அப்படிப்பட்ட கோப்புகள். சி-யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸைத் திறந்து, தமிழ் எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்தோம். யூனிகோடில் அடித்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அசல் விண்டோஸ்தானா?

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசன்ஸில் இயங்குகிறது என்று இருந்தால் பதினொன்று இலவசமாகவே கிடைக்கும். வீட்டுக் கணினியில் உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக இயங்குகிறது என்று இருந்தால், கடையில் ஆக்டிவேட்டர் வைத்துத் திறந்த விண்டோஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பூட்டை உடைக்க யாரோ எழுதிய அந்த நிரல், நிர்வாகி அதிகாரத்தோடு உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட கணினிக்கு அப்கிரேட் வேண்டாம், அசல் உரிமம் வாங்கி ஃபார்மட்டே அடித்துவிடலாம்.

போடுகிற நாள்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதினொன்று தயார் என்று வந்திருந்தால் அங்கேயே தொடங்கலாம். வராவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் கிடைக்கும். வேறு தளங்களில் கிடைக்கிற விண்டோஸ் கோப்புகளைத் தொடாதீர்கள். சி-யில் 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். நாலைந்து ஜிபியாவது இறங்கும், அதனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பித்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

மின்சாரம்தான் பெரிய விஷயம். மின்தடை அறிவித்த நாளில் தொடங்க வேண்டாம். டெஸ்க்டாப்புக்குப் பேட்டரி செத்த யூபிஎஸ் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் ஏதாவது ஒரு சதவீதத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும், பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்திவிட வேண்டாம். கணினியில் இருக்கிற சின்ன டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

தாங்காத கணினிக்கு

டிபிஎம் சோதனையையும் பிராசஸர் சோதனையையும் ஏமாற்றிப் பதினொன்றைப் போடுகிற வித்தைகள் நிறைய உண்டு. போட்டால் ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. நோண்டிப் பார்க்கிற ஆர்வம் உள்ளவர் தன் கணினியில் செய்யலாம், ஊரில் தனியாக இருக்கிற அப்பா அம்மாவின் கணினியில் செய்வது சரியில்லை.

விண்டோஸ் 10-ஐயே கொஞ்ச காலம் ஓட்ட வேண்டுமென்றால், வீட்டுப் பயனாளர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை, இல்லையென்றால் 30 டாலர்.

இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். நம்மில் பலருக்கு அது புதிதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திறந்து பார்த்தவர்கள் குறைவு, அது வேறு கதை. லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ராமிலும் ஓரளவு நன்றாக ஓடும். டிஸ்கில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, தமிழ் அடிக்க வருகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இது ஒத்துவராது.

எந்த வழியில் போனாலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் பழைய கணினி வேறு கணினி மாதிரி ஆகிவிடும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மாமா வீட்டிலும் கடைசியில் அதைத்தான் செய்தோம். புது எஸ்எஸ்டியை ஜிபிடியாக்கி அதில் பதினொன்றைப் போட்டோம். பழைய டிஸ்கைத் துடைக்கவே இல்லை, கழற்றி ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாயிற்று.

மாறிய பிறகு

அப்கிரேட் செய்தவர்களுக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. பழைய விண்டோஸ், சி-யில் விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் போய் திரும்பிப் போ என்று சொல்லலாம். இடம் அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை முன்பே அழித்துவிட்டால் திரும்ப முடியாது. அதனால் அந்தப் பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம், கணக்கு மென்பொருள், டோக்கன், தமிழ்க் கோப்பு.

ஒன்டிரைவ் உங்களைக் கேட்டும் கேட்காமலும் டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். ஒரு வாரத்தில் நிறைந்துவிட்டது, பணம் கட்டு என்று வரும். வேண்டாமென்றால் ஒன்டிரைவ் அமைப்பில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், இழுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பதுதான் மாமாவுக்கு ஒரே குறை. டாஸ்க்பார் அமைப்பில் இடது பக்கம் என்று மாற்றிக் கொடுத்தேன். புது எஸ்எஸ்டியில் சி ஒன்றுதான் இருக்கிறது. "டி எங்கப்பா?" என்று இன்னும் கேட்கிறார்.